ஆம்பல் குளத்துக் கீழவை தன்னையே கலைத்துக்கொண்ட கதை

இலுப்பைக் காட்டை ஆண்ட கிழப்புலி ஒரு நாள் வயிறு உப்பிச் செத்துப்போனது. அதற்குப் பிள்ளை குட்டி கிடையாது. காட்டு மிருகங்கள் எல்லாம் ஆம்பல் குளத்தங்கரையில் கூடின.

"அடுத்த ராஜா யார்?" என்று ஒரு மான் கேட்டது.

"ராஜாவா? என் முதுகில் அந்தப் புலி போட்ட நகக்கீறலே இன்னும் ஆறவில்லை! இனிமேல் ராஜாவே வேண்டாம்!" என்றது தடியப்பன் என்னும் காட்டுப்பன்றி.

"அப்படியென்றால் சட்டம் யார் போடுவது?"

"நாமே போட்டுக்கொள்வோம்!"

எல்லோரும் "ஆமாம், ஆமாம்!" என்று கத்தினார்கள். ஆனால் குரங்குகளுக்குத் தரையில் உட்காரப் பிடிக்கவில்லை. பன்றிகளுக்கு மரம் ஏறத் தெரியவில்லை. ஆகவே இரண்டு அவைகள் ஏற்பட்டன.

பாறை மேட்டில் ஒரு பெரிய இலுப்பை மரம் நின்றது. அதன் கிளைகளில் குரங்குகளும் கழுகுகளும் ஆந்தைகளும் அமர்ந்தன. அது மேலவை. மேட்டுக்குக் கீழே, ஆம்பல் குளத்தங்கரையில், நடப்பவை, தவழ்பவை, தத்துபவை எல்லாம் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் அமர்ந்தார்கள். அது கீழவை. ஒரு அவை ஒரு சட்டத்தைச் சொன்னால், மற்ற அவையும் அதற்குச் சம்மதிக்க வேண்டும். அப்போதுதான் அது சட்டம். ஒன்று வேண்டாமென்றால் அந்தப் பேச்சு அதோடு போயிற்று.

கீழவைக்குத் தலைவியாக இருந்தது கூர்நாச்சி என்னும் முள்ளம்பன்றி. அது கண்டிப்பானது. யாராவது இடையில் பேசினால் முள்ளைச் சிலிர்த்துக் கலகலவென்று ஒலி எழுப்பும். உடனே சபை அடங்கிவிடும், தவளை முழங்கியாரைத் தவிர.

முழங்கியார் பேச ஆரம்பித்தால் மழை வந்து நின்றுபோகும். அவர் பேச்சு நிற்காது. தடியப்பன் சபையில் வந்து அமர்ந்ததும் தூங்கிவிடும். வாக்கெடுப்பு என்றால் யாராவது அதன் காதைக் கடித்து எழுப்ப வேண்டும். வளைக்காலன் என்னும் நண்டும் ஓர் உறுப்பினர். அதனால் வந்த குழப்பம் கொஞ்சமில்லை. சம்மதம் என்பவர்கள் தண்ணீர்ப் பக்கமும், சம்மதமில்லை என்பவர்கள் புதர்ப் பக்கமும் போய் நிற்பது வழக்கம். வளைக்காலன் தண்ணீர்ப் பக்கம் போகக் கிளம்பினால் புதர்ப் பக்கம் போய்ச் சேரும். அதன் வாக்கை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று ஒரு கோடை முழுவதும் விவாதம் நடந்தது.

ஒருமுறை குளம் நிரம்பித் தளும்பியது. "கரை உடையும் முன்னே தண்ணீரை வெட்டி விடலாமா?" என்று கீழவை கூடிப் பேசியது. முழங்கியார் வெள்ளத்தின் பெருமையைப் பற்றிப் பேசினார். பேசிக்கொண்டே இருந்தார். கரை உடைந்தது. வெள்ளம் சபையையே வாரிக்கொண்டு போனது. காடெல்லாம் கைகொட்டிச் சிரித்தது.

ஆனாலும் அந்த அவை ஒரு நல்ல காரியம் செய்திருந்தது. அது போட்ட முதல் சட்டம் இதுதான்: குளத்தங்கரையில் யாரும் யாரையும் வேட்டையாடக் கூடாது. தாகத்தோடு வருகிற உயிர் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிப் போக வேண்டும். இதற்குக் 'கரை நியாயம்' என்று பெயர். மான்குட்டி பக்கத்தில் நரி நின்று தண்ணீர் குடிக்கும். இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்ளும். அவ்வளவுதான்.

கரை நியாயத்தால் வயிறெரிந்தது ஒரே ஒரு பிராணி. அதன் பெயர் நயவன். அது ஒரு நரி. கீழவையில் இடம் கேட்டு நின்று தோற்றுப்போனது. பிறகு இரண்டு அவைகளுக்கும் இடையில் செய்தி கொண்டுபோகும் வேலையைப் பிடித்துக்கொண்டது. மேட்டுக்கு ஓடும், குளத்துக்கு ஓடும். போகிற வழியில் செய்திக்குக் கொஞ்சம் காதும் மூக்கும் வைக்கும்.

மேலவையின் தலைவர் நெடுவாலர் என்னும் கருங்குரங்கு. அவருக்கும் ஒரு குறை இருந்தது. குரங்குகளுக்குத் தாகம் எடுத்தால் மேட்டிலிருந்து இறங்கிக் குளம்வரை நடக்க வேண்டும். மலையிலிருந்து வரும் ஓடை மேட்டை ஒட்டித்தான் ஓடியது. அதை அங்கேயே மறித்துவிட்டால் மரத்தடியிலேயே நீர் தேங்கும். இருந்த இடத்தில் குடிக்கலாம், குளிக்கலாம். மேலவை இதை இரண்டு முறை சட்டமாக எழுதி அனுப்பியது. "ஓடையை மறித்தால் குளம் வற்றிப்போகும்" என்று கீழவை இரண்டு முறையும் திருப்பி அனுப்பியது.

"அந்தச் சேற்றுச் சபை இருக்கும்வரை நமக்கு ஒரு நல்லதும் நடக்காது!" என்று நெடுவாலர் பல்லைக் கடித்தார்.

நயவன் மரத்தடியில் நின்று வாலை ஆட்டியது. "ஐயா, அந்தச் சபையே இல்லாமல் போனால்?"

"எப்படிப் போகும்? அதைக் கலைக்கவும் அதன் சம்மதம் வேண்டுமே!"

"சம்மதம் வாங்கித் தருகிறேன். அது போனால் அது போட்ட சட்டங்களும் கூடவே போகும், இல்லையா?"

"போகும்."

"கரை நியாயமும்?"

நெடுவாலர் ஒரு பழத்தை உரித்தபடி நரியைப் பார்த்தார். "கழுகையும் குரங்கையும் நீ தின்னப்போவதில்லை. எங்களுக்கு என்ன?"

அன்று முதல் நயவன் காடு முழுக்க ஒரே பேச்சைப் பேசியது. "ஒரு காட்டுக்கு எதற்கு இரண்டு சபை? ஒரே சட்டத்தை இரண்டு முறை பேசுவானேன்? வெள்ளம் வந்தபோது என்ன கிழித்தார்கள்?" கேட்டவர்கள் தலையாட்டினார்கள். வெள்ளத்தில் தங்கள் வளையைப் பறிகொடுத்த எலிகள் பலமாகவே தலையாட்டின.

பிறகு நயவன் உறுப்பினர்களைத் தனித்தனியாகப் பார்க்கப் போனது.

"முழங்கியாரே! உங்கள் குரல் இந்தச் சேற்றிலா கிடக்க வேண்டும்?"

"அதை நான் எப்போதோ சொன்னேனே!" என்றார் முழங்கியார்.

"இரண்டு அவையும் ஒன்றாகப் போகிறது. கீழே இருந்து ஒரே ஒருவரை மேலே எடுத்துக்கொள்வார்களாம். நெடுவாலர் உங்கள் பெயரைத்தான் சொன்னார். உயரத்திலிருந்து பேசினால் மலைக்கு அந்தப் பக்கம்வரை கேட்குமே என்றார்!"

முழங்கியாரின் தொண்டை புடைத்தது. "யாரிடமும் சொல்லட்டுமா?"

"சொன்னால் பொறாமைப்படுவார்கள். மூச்சு விடாதீர்கள்!"

தடியப்பனிடம் நயவன் சுருக்கமாகப் பேசியது. "அண்ணே, மேலே நிழல் அதிகம். காற்று அதிகம். காதைக் கடித்து எழுப்ப யாரும் இல்லை. இருப்பது ஒரு இடம். அது உங்களுக்கு."

"சரி" என்று சொல்லிவிட்டுத் தடியப்பன் மறுபடி தூங்கியது.

வளைக்காலனிடம், "மேலவையில் பக்கமே கிடையாது. இருந்த இடத்தில் இருந்து வாக்களிக்கலாம்!" என்றது. நண்டுக்கு ஆனந்தத்தில் கண்கள் இன்னும் வெளியே வந்தன.

கூர்நாச்சியிடம் மட்டும் நரி பயபக்தியோடு போனது.

"தலைவியம்மா, நீங்கள் என்னைத் திட்டுவீர்கள். இருந்தாலும் சொல்லுகிறேன். அந்த மேலவையில் ஒழுங்கு என்பதே இல்லை. ஒன்று பேசும்போது இன்னொன்று பேன் பார்க்கிறது. ஒரு கண்டிப்பான தலைவி வேண்டுமென்று அவர்களே ஆசைப்படுகிறார்கள்."

"என் சபையை விட்டுக்கொடுத்துவிட்டு நான் வர மாட்டேன்!" என்றது கூர்நாச்சி.

"எந்தச் சபை அம்மா? தவளை கத்துகிறது, பன்றி குறட்டை விடுகிறது. உங்கள் தகுதிக்கு இது ஒரு சபையா?"

கூர்நாச்சி திரும்பி நடந்தது. அன்று சாயங்காலம் குளத்து நீரில் தன் நிழலைப் பார்த்தது. முள்ளை ஒருமுறை சிலிர்த்துக்கொண்டது. உயரத்தில் நின்று சிலிர்த்தால் எப்படி இருக்கும் என்று நினைத்தது.

நரி பஞ்சியிடம் மட்டும் போகவில்லை. பஞ்சி ஒரு பெண் முயல். கடைசி வரிசையில் அமர்வது. அதுவரை சபையில் வாயைத் திறந்ததே இல்லை. தின்னப்போகும் பொருளிடம் யாராவது ஓட்டுக் கேட்பார்களா?

வாக்கெடுப்பு நாள் வந்தது. கரையில் கூட்டம் நெரிந்தது. முழங்கியார் எழுந்தார்.

"தோழர்களே! தியாகம் என்பது என்ன?" என்று ஆரம்பித்தார். வெயில் ஏறியது, இறங்கியது. தியாகத்தைப் பற்றி எல்லாம் சொல்லி முடித்து, "ஆகவே இந்தக் கீழவை தன்னைத் தானே கலைத்துக்கொள்ள வேண்டும்!" என்றார்.

கூட்டம் ஆரவாரம் செய்தது. "வேறு யாராவது பேச வேண்டுமா?" என்று கூர்நாச்சி வழக்கப்படி கேட்டது.

"நான் ஒன்று கேட்கலாமா அக்கா?" என்று ஒரு மெல்லிய குரல் வந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பஞ்சிதான்.

"கேள்."

"ஒரே சபையாக இருக்கட்டும். ஆனால் அது மரத்து மேலே இருக்கிறதே! மரம் ஏறத் தெரியாதவர்கள் அங்கே எப்படி உட்காருவார்கள்?"

ஒவ்வொருவரும், 'எனக்கு ஏதாவது ஏற்பாடு செய்திருப்பார்கள், மற்றவர்களைப் பற்றி நமக்கென்ன' என்று நினைத்துக்கொண்டார்கள். பிறகு முழங்கியார் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"பாருங்கள்! நாம் காட்டின் எதிர்காலத்தைப் பேசுகிறோம். இந்த அம்மா ஏணியைப் பற்றிப் பேசுகிறாள்!"

எல்லோரும் சிரித்தார்கள். கூர்நாச்சி சிரிக்கவில்லை. ஆனால் முள்ளைச் சிலிர்த்துச் சிரிப்பை அடக்கவும் இல்லை. "வாக்கெடுப்பு!" என்றது.

அன்று தடியப்பனை யாரும் எழுப்ப வேண்டியிருக்கவில்லை. தானாக எழுந்து தண்ணீர்ப் பக்கம் போய் நின்றது. முழங்கியார் ஒரே தாவில் போனார். நண்டு வளைக்காலன்கூட அன்று நேராக நடந்தது! எப்போதும் ஒன்றில்கூட ஒத்துப்போகாத அந்தச் சபை, தன்னை முடித்துக்கொள்வதில் ஒற்றுமையாக நின்றது. புதர்ப் பக்கம் பஞ்சி மட்டும் தனியாக நின்றது.

"தீர்மானம் நிறைவேறியது" என்றது கூர்நாச்சி. "கீழவை கலைந்தது."

மறுநாள் விடிந்ததும் கூர்நாச்சி ஓர் ஆம்பல் பூவை வாயில் கவ்விக்கொண்டு மேட்டுக்குப் போனது. அங்கே தடியப்பன் ஏற்கெனவே நின்றது.

"நீ எங்கே வந்தாய்?"

"சும்மா, காற்று வாங்க! நீங்கள்?"

"நானும் சும்மாதான்."

பின்னால் முழங்கியார் தத்தித் தத்தி வந்தார். வளைக்காலனும் பக்கவாட்டில் வந்து சேர்ந்தது. ஒவ்வொன்றிடமும் ஓர் ஆம்பல் பூ! கொஞ்ச நேரம் யாரும் யாரையும் பார்க்கவில்லை. பிறகு எல்லோருக்கும் ஒரே சமயத்தில் புரிந்தது.

"அந்த இடம் எனக்கென்று சொன்னான்!"

"எனக்கென்று அல்லவா சொன்னான்!"

சத்தம் கேட்டு நெடுவாலர் உச்சிக்கிளையிலிருந்து எட்டிப் பார்த்தார். "வாருங்கள், வாருங்கள்! உங்களுக்காகத்தான் காத்திருக்கிறோம். இடம் காலியாக இருக்கிறது. ஏறி வாருங்கள்!"

தடியப்பன் மரத்தில் முன்கால்களை வைத்தது. பட்டைதான் உரிந்தது. முழங்கியார் தாவினார், விழுந்தார். மறுபடி தாவினார், மல்லாக்க விழுந்தார். வளைக்காலன் கொடுக்கால் பட்டையைப் பற்றிக்கொண்டு தொங்கியது. மேலே கழுகுகளும் குரங்குகளும் ஒன்றுமே நடக்காதது போல வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

"வரவில்லையா? சரி, யாரும் வர விரும்பவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்!" என்றார் நெடுவாலர். "அடுத்த அலுவல். ஓடையை மறிக்கும் சட்டம். எதிர்ப்பு உண்டா? இல்லை. நிறைவேறியது!"

"நாங்கள் எதிர்க்கிறோம்!" என்று கீழே நின்று கூர்நாச்சி கத்தியது.

"பார்வையாளர்கள் பேசக் கூடாது, அம்மா. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா!"

குரங்குகள் அன்றே பாறைகளை உருட்டின. கழுகுகள் சுள்ளி கொண்டுவந்து போட்டன. ஓடை மேட்டடியிலேயே நின்றது. குளத்துக்கு வரும் வாய்க்கால் ஈரமில்லாமல் காய்ந்தது.

முழங்கியாருக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நேராக நயவனைத் தேடிப் போனார். நரி குளத்தங்கரையில் காலை நீட்டிப் படுத்திருந்தது.

"அயோக்கியப் பயலே! எனக்குக் கொடுத்த வாக்கு என்னாயிற்று? இதைப் பற்றி நான் விரிவாகப் பேசப்போகிறேன்!"

"காது சரியாகக் கேட்கவில்லை ஐயா. கொஞ்சம் பக்கத்தில் வந்து பேசுங்கள்."

முழங்கியார் பக்கத்தில் போனார். "முதலாவதாக..." என்று ஆரம்பித்தார்.

அவர் பேச்சு சீக்கிரம் முடிந்தது அன்று ஒரு நாள்தான்.

அதற்குப் பிறகு கரை கரையாக இல்லை. குளத்தின் நடுவில் கொஞ்சம் தண்ணீர் மிச்சமிருந்தது. அதைக் குடிக்கப் போனவர்கள் எல்லோரும் திரும்பவில்லை. நயவனின் அண்ணன் தம்பிகளும் பக்கத்துக் காட்டிலிருந்து வந்து சேர்ந்தார்கள். ஒரு மத்தியானம் பஞ்சி தன் இரண்டு குட்டிகளோடு தண்ணீருக்குப் போனது. ஒரு குட்டியோடு திரும்பி வந்தது.

கூர்நாச்சி அதைக் கேள்விப்பட்டு முயலின் புதருக்குப் போனது. அங்கேயே நின்றது.

"நீ கேட்டபோது நான் அந்தச் சிரிப்பை அடக்கியிருக்கலாம்" என்றது கடைசியில்.

பஞ்சி திரும்பிப் பார்க்கவில்லை. மிச்சமிருந்த குட்டியை நக்கிக்கொண்டே இருந்தது. "இவளுக்குத் தாகமாக இருக்கிறது, அக்கா" என்றது. "அதற்கு வழி இருந்தால் சொல்லுங்கள்."

கூர்நாச்சி தடியப்பனையும் வளைக்காலனையும் கூட்டிக்கொண்டு மறுபடி மேட்டுக்குப் போனது. பஞ்சியும் குட்டியோடு பின்னால் வந்தது.

"கீழவையை மறுபடி ஏற்படுத்த வேண்டும்!" என்றது கூர்நாச்சி.

"அதற்கென்ன, செய்யலாமே!" என்றார் நெடுவாலர் அன்பாக. "ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறது. அவைகளைப் பற்றிய எந்தச் சட்டத்துக்கும் இரண்டு அவைகளும் சம்மதிக்க வேண்டும். மேலவை இதோ இருக்கிறது. உங்கள் அவையின் சம்மதத்தை வாங்கி வாருங்கள்."

"எங்கள் அவைதான் இல்லையே!"

"அதுதான் சிக்கல்" என்று நெடுவாலர் வருத்தப்பட்டார். வருத்தத்தோடு ஒரு கை இலுப்பைப் பூவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

அது பூக்கிற காலம். இலுப்பைப் பூ தின்றால் தலை கிறுகிறுக்கும். மத்தியானம் ஆனதும் மேலவை முழுவதும் கிளைக்கு ஒன்றாக மயங்கித் தொங்கியது. நெடுவாலரின் குறட்டை ஓடைவரை கேட்டது.

தடியப்பன் அண்ணாந்து பார்த்தது. "இவ்வளவு நாளும் நான் தூங்கினதற்குத்தான் என்னைத் திட்டினீர்கள்" என்றது. பிறகு ஓடையை மறித்த பாறைக் கட்டைப் பார்த்தது. "சட்டம் கிடக்கட்டும். எனக்கு மூக்கு இருக்கிறது."

"எனக்கு நகம் இருக்கிறது" என்றது கூர்நாச்சி.

"வரப்பில் வளை போடுவது எங்கள் குலத்தொழில்!" என்றது வளைக்காலன். தன் சொந்தக்காரர்களை எல்லாம் கூப்பிட ஓடியது. பக்கவாட்டில்தான் ஓடியது, ஆனால் சீக்கிரம் திரும்பி வந்தது.

பஞ்சி ஒரு பாறைமேல் ஏறிக் காதை நிமிர்த்திக் காவல் நின்றது. நண்டுகள் கட்டின் அடியில் துளை துளையாகப் போட்டன. கூர்நாச்சி துளைகளைப் பெரிதாக்கியது. அதன் நகங்கள் பெயர்ந்து ரத்தம் வந்தது. தடியப்பன் கோரைப்பல்லைக் கொடுத்து ஒரு பெரிய கல்லை நெம்பியது. கல் அசைந்தது. ஒரு சிறிய ஊற்றுப் போலத் தண்ணீர் எட்டிப் பார்த்தது. பிறகு, "விலகுங்கள்!" என்று பஞ்சி கத்துவதற்குள் கட்டு முழுவதும் சரிந்தது. ஓடை காய்ந்த வாய்க்காலில் பாய்ந்து ஓடியது. குளத்தருகே கிடந்த நரிகள் வெள்ளத்தைப் பார்த்துப் புலி வந்ததுபோல ஓடின.

குட்டி முயல் வயிறு முட்டக் குடித்தது. அதைச் சுற்றிக் கூர்நாச்சி முள்ளை விரித்துக்கொண்டு நின்றது.

காடெல்லாம் கொண்டாட்டம்! சாயங்காலம் மேலவை விழித்துக்கொண்டது. நெடுவாலர் கீழே பார்த்தார். கட்டு இல்லை, தண்ணீரும் இல்லை. அவர் கொஞ்சமும் திகைக்கவில்லை. நயவனைக் கூப்பிட்டுக் காடு முழுக்க ஒரு செய்தி அறிவிக்கச் சொன்னார்.

"கேளுங்கள், கேளுங்கள்! மேலவை கருணை கூர்ந்து குளத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டது!"

"மேலவை வாழ்க!" என்று எலிகள் கூவின. மான்களும் கூவின.

"திறந்தது நாங்கள்!" என்றது தடியப்பன். யார் காதிலும் விழவில்லை.

பஞ்சி மான்களிடம் போனது. எலிகளிடமும் போனது. "தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் நரியும் இங்கேதான் இருக்கிறது. நமக்கென்று மறுபடி ஒரு சபை வேண்டும். முறைப்படி முடியாது என்கிறார்கள். நாமாகவே கரையில் போய் உட்காருவோம்!" என்றது.

"மறுபடியும் அந்தக் கத்தலா?" என்றது ஒரு மான். "தண்ணீர்தான் வருகிறதே, பஞ்சி! சபை இல்லாமலேயே வந்துவிட்டது, பார்த்தாயா?"

"ஒரே சபையாக இருப்பது எவ்வளவு சுறுசுறுப்பு!" என்றது ஓர் எலி.

அந்தச் சுறுசுறுப்பு அடுத்த சட்டத்திலேயே தெரிந்தது. "இனி இந்தக் காட்டில் யாரும் மண்ணைத் தோண்டக் கூடாது. வளை வைத்திருப்பவர்கள் வளையை மூடிவிட வேண்டும்" என்று மேலவை தீர்மானித்தது. மேலவையில் யாருக்கும் வளை கிடையாது. எதிர்ப்பு உண்டா என்று கேட்டார்கள். இல்லை. நிறைவேறியது.

எலிகள் அலறிக்கொண்டு கூர்நாச்சியிடம் ஓடி வந்தன. "தலைவியம்மா! இதை எங்கே போய்ச் சொல்வது?"

"ஒரு இடம் இருந்தது" என்றது கூர்நாச்சி. "அங்கே நான் கடைசியாகச் சொன்ன வார்த்தை, கலைந்தது என்பது."

குரங்குகள் வந்து வளைகளில் கல்லைப் போட்டு அடைத்தன. மழைக்காலம் வந்தது. எலிகள் நனைந்தன. ஒவ்வொரு குடும்பமாகக் காட்டைவிட்டுக் கிளம்பியது. மான்களும் போயின. குளம் நிறையத் தண்ணீர் இருந்தது, குடிக்க ஆள் இல்லை. நயவன் வெறுங்கரையில் உட்கார்ந்து பசியோடு வானத்தைப் பார்த்தது. கடைசியில் எலும்பும் தோலுமாக இலுப்பை மரத்தடிக்குப் போய், "ஐயா, உங்களுக்காக எவ்வளவு செய்தேன்! மேலே ஓர் இடம் கொடுங்கள்!" என்று கெஞ்சியது.

"தாராளமாக!" என்றார் நெடுவாலர். "ஏறி வா!"

கூர்நாச்சியும் பஞ்சியும் மலையைத் தாண்டிப் பக்கத்துக் காட்டுக்குப் போனார்கள். தடியப்பன் முன்னால் நடந்தது. வளைக்காலன் அதன் முதுகில் உட்கார்ந்து வந்தது. எல்லையில் ஒரு கடமான் அவர்களை நிறுத்தியது.

"எந்தக் காடு?"

"இலுப்பைக் காடு."

"அங்கே என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?"

"நான் கீழவையின் தலைவி" என்றது கூர்நாச்சி. "இவர்கள் உறுப்பினர்கள்."

"கீழவையா? அப்படி ஒன்று உங்கள் காட்டில் இருப்பதாக நான் கேள்விப்பட்டதே இல்லையே!"

"இருந்தது. மூடிவிட்டார்கள்."

"யார்? புலியா?"

கூர்நாச்சி தலையைக் குனிந்துகொண்டது. வளைக்காலன் கண்களை உள்ளே இழுத்துக்கொண்டது. பதிலை யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும் என்று தடியப்பன் தொண்டையைக் கனைத்தது.

"நாங்களேதான்" என்றது.

கடமானுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. பஞ்சியின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. வழியைவிட்டு விலகி நின்று, "அந்தப் பக்கம் போங்கள், குட்டிக்கு நல்ல புல் இருக்கிறது" என்று மட்டும் சொன்னது.

தனக்கு மட்டும் மேலே ஓர் இடம் கிடைக்கும் என்று எல்லோருக்கும் பொதுவான இடத்தை விட்டுக்கொடுப்பவனுக்கு, மேலேயும் இடமில்லை, கீழேயும் இடமில்லை.